லேபிள் மேல பாசமா, டிசைனர் மேல பாசமா, இல்ல ஒரே ஒரு பேண்ட் மேல பாசமா?

சாம்பல்சட்டை:

வணக்கம், ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போயிடும் பொறுத்துக்கோங்க.

போன மாசம் வீடு மாத்தினோம். அலமாரில இருந்த துணி மொத்தத்தையும் கட்டில் மேல கொட்டி, பெட்டில கட்டறதுக்கு முன்னாடி பிரிச்சிடலாம்னு உக்காந்தேன். எப்பவும் போடறது ஒரு குவியல், ரெண்டு மூணு தடவ போட்டது ஒரு குவியல், டேக் கூட கிழிக்காதது ஒரு குவியல். முதல் குவியல்ல மொத்தமே ஒன்பது உருப்படிதான். நாலு பேண்ட், ரெண்டு சட்டை, ஒரு நேவி ஸ்வெட்டர், ஒரு நீளக் கோட்டு, ஒரு கருப்பு ட்ரெஸ். ரெண்டாவது குவியல் இருக்கே, பார்க்கப் பார்க்க சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு. பலூன் மாதிரி கை வச்ச டாப், தோள் ரெண்டு பக்கமும் தொங்கற பிளேசர், எல்லாரும் க்வைட் லக்ஷரி க்வைட் லக்ஷரினு, அதான் லோகோ தெரியாத அமைதியான ஆடம்பரம், பேசிட்டிருந்த 2023-ல வாங்கின ஓட்ஸ் கலர் ஸ்வெட்டர், பீப்பாய் மாதிரி கால் வளையற ஜீன்ஸ், வலைத்துணில ஒரு பாலே ஷூ. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு நடுகல் நட்டு வச்ச மாதிரி இருந்துச்சு.

அது கூட பரவால்ல, ட்ரெண்டு பின்னாடி ஓடினா அப்படித்தான். என்னை உறுத்தினது வேற. நான் எப்பவும் என்னை ஒரு லேபிள் விசுவாசினு நினைச்சிட்டிருந்தவ. ஒரு லேபிள் இருக்கு, பேர் வேண்டாம், ஏழெட்டு வருஷமா பேண்ட்னா அவங்ககிட்டதான், கண்ண மூடிட்டு சைஸ் நம்பர போட்டு ஆர்டர் பண்ணுவேன், வரும், போடுவேன், முடிஞ்சது கதை. நடுவுல அங்க டிசைனர் மாறினாங்க, நானும் பெருசா கண்டுக்கல. அடுத்த பேண்ட் வந்துச்சு, அதே நம்பர் அதே கருப்பு அதே டேக், ஆனா கால உள்ள விட்டா இடுப்பு தொப்புளுக்குக் கீழ எங்கயோ நிக்குது, தொடைல இழுக்குது, உக்காந்தா பின்னாடி வாயப் பொளக்குது. ஒரு சைஸ் பெருசு வாங்கிப் பார்த்தேன், இடுப்புல ரெண்டு கை நுழையுது, தொடைல அப்பவும் அதே இழுப்பு. ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டு ஒரு நாள் முழுக்க மூஞ்சத் தூக்கி வச்சிட்டிருந்தேன். கூடப் படிச்சவ கல்யாணத்துக்குக் கூப்பிடாம விட்ட மாதிரி ஒரு கோவம், அதுவும் ஒரு பேண்ட் மேல.

இப்ப பாத்தா ஒட்டுமொத்தமா எல்லா இடத்துலயும் ஆள் மாறிட்டிருக்காங்க. 2025 செப்டம்பர் அக்டோபர்ல நடந்த பெரிய ஃபேஷன் ஷோக்கள்ல நிறைய புது டிசைனருங்களோட முதல் ஷோதான். மத்தியூ ப்ளாஸி பொட்டேகா வெனெட்டாவ விட்டு ஷனெலுக்கு, ஜோனதன் ஆண்டர்சன் லோவேய விட்டு டியோருக்கு, பிச்சோலி பலென்சியாகாவுக்கு, பலென்சியாகால பத்து வருஷம் இருந்த டெம்னா குச்சிக்கு. மொத்த டிபார்ட்மெண்ட்டுக்கும் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் அடிச்ச மாதிரி. இதுல லேபிளுக்கு விசுவாசமா இருக்கறதுனா யாருக்கு விசுவாசமா இருக்கறது? வெளில தொங்கற பேருக்கா, உள்ள உக்காந்து வரையற ஆளுக்கா, இல்ல எனக்கு சரியா உக்காந்த அந்த ஒரு பேண்ட்டுக்கா? நீங்கல்லாம் எதப் பார்த்து வாங்கறீங்க, அனுபவத்துல சொல்லுங்க.

காஜாபட்டன்:

மேடம், நான் சாம்பிள் ரூம்ல பேட்டர்ன் வெட்டற ஆளு, பதினாறு வருஷமாச்சு. நேரா விஷயத்துக்கு வரேன், நீங்க பாசம் வச்சது ஒரு ப்ளாக் மேல.

ப்ளாக்னா அடிப்படை பேட்டர்ன். கெட்டி அட்டைல வெட்டி ஆணில தொங்கிட்டிருக்கும், இப்ப பல இடத்துல கம்ப்யூட்டர்ல இருக்கு. பேண்ட்டுக்கு ஒண்ணு, சட்டைக்கு ஒண்ணு, ஜாக்கெட்டுக்கு ஒண்ணு. புது மாடல் எல்லாமே அதுல இருந்துதான் கிளம்பும். முன்னாடி ப்ளீட் சேர்ப்போம், பாக்கெட்ட நகர்த்துவோம், பாட்டத்த அகலமாக்குவோம், ஆனா இடுப்புல இருந்து கவட்டை வரைக்கும் போற அந்த வளைவு இருக்கே, அதை லேசுல யாரும் தொட மாட்டோம், ஏன்னா அது சரியா வர்றதுக்கு பத்து தடவ தச்சுப் பிரிச்சிருப்போம். அதுதான் உக்காந்தா இழுக்குமா இழுக்காதானு தீர்மானிக்குது. புது டிசைனர் வராங்கனு வைங்க, அவங்களுக்கு மனசுல ஒரு உருவம் இருக்கும், தோள் இங்க இருக்கணும் இடுப்பு அங்க இருக்கணும்னு. பழைய ப்ளாக்க வச்சு அதைக் கொண்டு வர முடியலைனா புது ப்ளாக் போடச் சொல்வாங்க, ட்ரையல் போட்டுப் பாக்கற ஃபிட் மாடலும் சில சமயம் மாறுவாங்க. சைஸ் நம்பர் மட்டும் அப்படியே இருக்கும். அந்த நம்பருக்கு அர்த்தம் அந்தக் கம்பெனிக்குள்ளதான், அதுவும் அந்த வருஷத்துக்குத்தான்.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. உங்க நாலு நல்ல பேண்ட்டையும் தரைல சுருக்கம் இல்லாம விரிச்சுப் போட்டு டேப் எடுத்து நாலு அளவு எடுங்க. முன்பக்கம் பட்டி மேல் விளிம்புல இருந்து கவட்டைத் தையல் கூடற இடம் வரை (அதான் முன் இறக்கம்), அதே பின்பக்கம் (பின் இறக்கம்), கவட்டைக்குக் கீழ தொடை அகலம், அப்புறம் பாட்டம். திருப்பி அனுப்பின பேண்ட்டோட அளவு சைட்லயே போட்டிருப்பாங்க, அதையும் எழுதுங்க. இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.

பழையசெலின்:

மாஸ்டர் சொல்றது தொழில்ரீதியா சரியா இருக்கலாம், ஆனா எனக்கு இதை வெறும் சென்டிமீட்டர்ல முடிக்க மனசு வரல. என் பேரப் பாத்தாலே தெரியும் நான் எந்தப் பக்கம்னு :)

டிசைனர் பீபி ஃபைலோ 2008-ல ஃப்ரெஞ்சு லேபிள் செலினுக்கு வந்தாங்க. அந்த ஃபேஷன் வீடு, அதாவது கம்பெனி, 1945-ல குழந்தைங்களுக்கு ஷூ செய்யற கடையா ஆரம்பிச்சது, அதாவது அந்தப் பேருக்கும் நம்ம மனசுல இருக்க செலினுக்கும் சம்பந்தமே கிடையாது. வேலைக்குப் போற, களைச்சுப் போன, யார்கிட்டயும் எதையும் நிரூபிக்க விரும்பாத பொம்பளைக்கு என்ன வேணும்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கைய விடற பாக்கெட் கைய விடற இடத்துல இருக்கும். கோட்ட பட்டன் போடாம கையால பிடிச்சுட்டு நடந்தா அழகா இருக்கும், ஏன்னா அப்படி நடப்போம்னு யோசிச்சு வெட்டியிருப்பாங்க. 2017 கடைசில அவங்க கிளம்பற செய்தி வந்துச்சு, அடுத்து ஹெடி ஸ்லிமான் வந்தார், 2018 செப்டம்பர்ல முதல் வேலையா லேபிள் பேர்ல அந்த ஃப்ரெஞ்சு எழுத்து மேல இருந்த சாய்வுக் குறிய எடுத்துட்டார். சின்னக் குறிதான். ஆனா எங்களுக்கு வீட்டுக்குப் பூட்டு மாத்தின மாதிரி இருந்துச்சு. பழைய செலின்னு தனியா இன்ஸ்டாக்ராம் பக்கம் ஆரம்பிச்சு பழைய படமா போட்டு ஆறுதல் தேடினவங்க எத்தன பேர், நான் உட்பட.

அதுக்காக ஸ்லிமான் மட்டம்னு சொல்லல, அவர் டியோரோட ஆம்பளைங்க வரிசையான டியோர் ஓம்ல இருந்தப்ப, 2000-ல இருந்து 2007 வரை, ஒல்லி உருவத்த அவர் கொண்டு வந்த விதத்துல பெரிய டிசைனரான கார்ல் லாகர்ஃபெல்டே அந்த சூட்டுக்குள்ள நுழையணும்னு பதிமூணு மாசத்துல 42 கிலோ குறைச்சார்னா பாத்துக்கோங்க. அந்த மாதிரி சக்தி உள்ள ஆளு. எனக்கான ஆளு கிடையாது, அவ்ளோதான். ஆளு மாறினா வீடு மாறிடுச்சுனுதான் நான் சொல்வேன். ஃபைலோ 2023 அக்டோபர்ல சொந்தப் பேர்ல ஆரம்பிச்சப்ப எனக்கு வாங்க வசதி இல்ல, ஆனாலும் ராத்திரி உக்காந்து ஒவ்வொரு படத்தையும் பெருசு பண்ணிப் பாத்தேன், அதே கை.

காஜாபட்டன்:

அம்மா நீங்க சொல்றதுக்கு நான் எதிர்ப்பு இல்ல, அந்த "கை"யத்தான் நான் ப்ளாக்னு சொல்றேன். ஜெர்மன் டிசைனர் ஜில் சாண்டர் கதையப் பாருங்க, எங்க ரூம்ல இத அடிக்கடி பேசுவோம். 1968-ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1999-ல பெரும்பங்க பிரடா கம்பெனிகிட்ட குடுத்தாங்க, அடுத்த வருஷமே விட்டுட்டுப் போனாங்க. 2003-ல திரும்ப வந்தாங்க, 2004-ல போனாங்க. 2012-ல மறுபடி வந்தாங்க, 2013-ல மறுபடி போனாங்க. தன் சொந்தப் பேர் போட்ட கம்பெனிய மூணு தடவ விட்டுட்டுப் போன மனுஷி. இதுக்கு நடுவுல 2009-ல இருந்து 2011 வரை யூனிக்லோவுக்கு ப்ளஸ் ஜேனு ஒரு வரிசை பண்ணிக் குடுத்தாங்க. அந்த சமயத்துல ஜில் சாண்டர்னு போர்டு போட்ட கடைல வெட்டினது ராஃப் சிமன்ஸ். அதாவது போர்டுல அவங்க பேரு, உள்ள வேற ஆளு. யூனிக்லோ போர்டுக்குக் கீழ, சாதாரண சட்டை விக்கற கடைல, அவங்களே. ராஃபும் பிரமாதமா பண்ணார் அது வேற விஷயம். ஆனா ஜில் சாண்டர் காலர் வேணும்னு தேடினவன் அப்ப எந்தக் கடைக்குப் போயிருக்கணும்?

அந்த ப்ளஸ் ஜே சட்டை ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு, காலர் ஓரம் நைஞ்சுடுச்சு, காலர பிரிச்சு திருப்பி வச்சுத் தச்சுப் போட்டுட்டிருக்கேன்.

ட்ரெண்டுகுட்டி:

என்னங்க எல்லாரும் இவ்ளோ சோகமா பேசறீங்க, துணி வாங்கறது ஜாலிக்குத்தானே 😅 அக்கா உங்க ரெண்டாவது குவியல் பத்தி நீங்க இவ்ளோ வெக்கப்படத் தேவையே இல்ல. அந்த பலூன் கை டாப்ப போட்ட அன்னிக்கு ஜம்முனு இருந்தீங்கல்ல, அது போதும். எனக்கு வயசு 24, நான் எல்லா ட்ரெண்டும் பாப்பேன், ஆனா ஒரு ரூல் வச்சிருக்கேன், ட்ரெண்டு கணுக்காலுக்குக் கீழயும் இடுப்பு பெல்ட்லயும் மட்டும்தான். ஷூ, சாக்ஸ், பெல்ட், மிஞ்சிப் போனா பேக், கண்ணாடி. துணி வரைக்கும் ஏறினா செலவு தாங்காது. சாம்பா ஷூ எல்லாரும் போட்டப்ப நானும் போட்டேன், அது ஆரம்பத்துல பனி உறைஞ்ச கிரவுண்ட்ல ஃபுட்பால் ப்ராக்டிஸ் பண்றதுக்குனு அடிடாஸ் செஞ்ச ஷூவாம், இப்ப பனியும் இல்ல பந்தும் இல்ல காபி ஷாப்தான். எல்லார் கால்லயும் அதே வந்தப்புறம் சலிச்சுது, இப்ப வீட்டுல குப்பை கொட்டப் போறப்ப போடறேன், அதுவும் யூஸ்தானே.

இன்னொண்ணு, ஸ்டைலிங்குக்கு காசே ஆகாது அக்கா. மியு மியுங்கற லேபிள் 2023 ஆட்டம் விண்டர் ஷோல சாம்பல் கலர் கார்டிகன எடுத்து டைட்ஸ்குள்ள சொருகி விட்டாங்க, தல முடி எல்லாம் நின்னுட்டிருக்கும், ஏதோ லைப்ரரில தூங்கி எழுந்து வந்த மாதிரி. அதுக்கு நான் எதையும் வாங்கல, எங்கம்மாவோட பழைய கார்டிகன எடுத்து பாவாடைக்குள்ள சொருகினேன், ட்ரெண்டு முடிஞ்சது. ஒரு போலோ டீ ஷர்ட்டுக்கு உள்ள இன்னொரு சட்டை போட்டு ரெண்டு காலரும் தெரியற மாதிரி விடறது, சட்டைய ஒரு பக்கம் மட்டும் சொருகறது, லோஃபருக்கு வெள்ள சாக்ஸ், இதெல்லாம் இருக்கறத வச்சே பண்றது. ஷோல நீங்க பாக்கறதுல பாதி டிசைனர் வேலை இல்ல, ஸ்டைலிஸ்ட் வேலை, மியு மியுவோட அந்த ஷோவுக்கு லோட்டா வோல்கோவா பண்ணாங்கள்ல அந்த மாதிரி. துணிய கழட்டி ஹேங்கர்ல மாட்டினா சாதா கார்டிகன்தான் அது. அதத் தனியா வாங்கிட்டு வந்து ஏன் நமக்கு அப்படி இல்லனு யோசிச்சா எப்படி?

க்வைட் லக்ஷரி ஸ்வெட்டர் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது ரொம்ப போர்.

சாம்பல்சட்டை:

@ட்ரெண்டுகுட்டி ஓட்ஸ் கலர் ஸ்வெட்டர் போர்தான், ஒத்துக்கறேன். அதவிட மோசம் என்னனா ரெண்டாவது தடவ போட்டப்பவே அக்குள்ல உருண்ட உருண்டையா பஞ்சு கட்டிடுச்சு. அமைதியான ஆடம்பரம்னு வாங்கினா உள் லேபிள்ல அக்ரிலிக் அறுபது சதவீதம். வாங்கறதுக்கு முன்னாடி ஏன் படிக்கலனு கேக்காதீங்க, கலரப் பாத்து மயங்கிட்டேன்.

மடிப்புராஜா:

நான் இந்தப் பஞ்சாயத்துலயே இல்ல. ஜப்பான் டிசைனர் இஸ்ஸே மியாகேவோட மடிப்பு பேண்ட் ஆறு வச்சிருக்கேன், ஆறும் ஒரே கருப்பு, ஆபீஸ்ல என்கிட்ட ஒரே பேண்ட்தான் இருக்குனு நினைக்கறாங்க, நினைச்சுக்கட்டும். அவரோட மடிப்பு வரிசைல ஓம் ப்ளிஸ்ஸே 2013-ல வந்துச்சு, அதுக்கு இருபது வருஷம் முன்னாடி 1993-ல ப்ளீட்ஸ் ப்ளீஸ். வழக்கமா மடிச்ச துணிய வாங்கி வெட்டித் தைப்பாங்கள்ல, இவங்க தலகீழ. முதல்ல உடம்புக்கு ரெண்டரை மூணு மடங்கு பெருசா தச்சுடுவாங்க, அப்புறம் அந்தப் பூதத்த காகிதத்துக்கு நடுவுல வச்சு சூடா அழுத்தி மடிப்ப ஏத்துவாங்க, அது சுருங்கி நம்ம சைஸுக்கு வரும். பாலியெஸ்டர்ங்கறதால சூட்டுல பிடிச்ச மடிப்பு விடாது. துவைக்கலாம், காய வைக்கலாம், சுருட்டி பைக்குள்ள போடலாம், அயர்ன் பாக்ஸ் எங்க இருக்குனே எனக்குத் தெரியாது. மியாகே 2022-ல போயிட்டார், மடிப்பு அப்படியே வந்துட்டிருக்கு. அங்க கண்டுபிடிப்பு செய்முறைல இருக்கு, ஒருத்தர் ரசனைல இல்ல, அதனால ஆளு போனாலும் நிக்குது. இடுப்பளவு, கவட்டை, ப்ளாக், இதெல்லாம் எனக்கு எதுக்கு, நான் சாப்பிட்டா பேண்ட்டும் சேர்ந்து விரியும்.

குறை ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன், வெயில்ல பாலியெஸ்டர் பாலியெஸ்டர்தான். மடிப்புக்குள்ள காத்து போகும்னு சொல்வாங்க, போகுது, ஆனா லினன் மாதிரி கிடையாது.

காஜாபட்டன்:

@மடிப்புராஜா நீங்க எங்க பொழப்புல மண்ணப் போடறீங்க :)

கடைக்குவாங்கறவ:

நான் ஒரு மல்டி ப்ராண்ட் கடைக்கு பையிங் பண்றேன், அதாவது கடைக்கு என்ன சரக்கு எடுக்கணும்னு பாத்து வாங்கற வேலை, சீசன் பத்தி யாருமே பேசலையேனு வந்தேன். சாம்பல்சட்டை உங்க ரெண்டாவது குவியல்ல பாதிக்குக் காரணம் காலண்டர்.

ஸ்ப்ரிங் சம்மர் துணி ஷோல வர்றது அதுக்கு முந்தின செப்டம்பர் அக்டோபர்ல, நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ்னு அந்த வரிசைல. கடைக்கு சரக்கு வர்றது ஜனவரி பிப்ரவரில இருந்து. ஆட்டம் விண்டர் பிப்ரவரி மார்ச்ல காட்டி ஜூலை ஆகஸ்ட்ல இருந்து வரும். நடுவுல நாலஞ்சு மாச இடைவெளி. அந்த இடைவெளிலதான் கூத்து நடக்குது. ஷோ முடிஞ்ச அன்னிக்கே போட்டோ உலகம் பூரா போயிடும், வேகமா தச்சு விக்கற பெரிய கம்பெனிங்க சில வாரத்துல அதே மாதிரி ஒண்ணு கடைல தொங்க விட்ருவாங்க, நீங்க ரீல்ஸ்ல நூறு தடவ பாத்து, வாங்கி, போட்டு, போட்டோ எடுத்து, சலிச்சும் போயிருப்பீங்க, அப்பதான் அசல் துணி எங்க கடைக்கு பெட்டில வந்து இறங்கும். நகல் பழசானதுக்கு அப்புறம் அசல் பிறக்குது. ஸ்டாக் எடுத்த எங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. இதுக்குத்தான் 2016-ல பர்பெரியும் டாம் ஃபோர்டும் ஷோல காட்டின அன்னிக்கே விக்கறோம்னு முயற்சி பண்ணாங்க. டாம் ஃபோர்ட் அடுத்த வருஷமே வேண்டாம்டா சாமினு பழைய முறைக்குப் போயிட்டார், ஏன்னா துணி நெய்யறவன், தைக்கறவன், கடைக்கு ஆர்டர் போடற எங்கள மாதிரி ஆளுங்க, எல்லாருமே அந்தப் பழைய காலண்டர்லதான் ஓடறோம்.

கலரும் அப்படித்தான். 2025-ல மோக்கா பிரவுன் எல்லார் மனசுலயும் ஒரே நேரத்துல தோணுச்சுனு நினைக்காதீங்க. வருஷா வருஷம் ஒரு நிறத்த அறிவிக்கற பான்டோன் கம்பெனி 2024-க்கு பீச் ஃபஸ், 2025-க்கு மோக்கா மூஸ்னு பேர் வச்சு அறிவிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நூல் சாயம் போட்டு ரெடி. நிறத்த கணிச்சு சொல்றதுக்குன்னே தனிக் கம்பெனிங்க இருக்கு, ஏறக்குறைய ரெண்டு வருஷம் முன்னாடியே பேசி வச்சுடுவாங்க. நூல்காரன் அத வாங்கிட்டான், துணிக்காரன் வாங்கிட்டான், அப்புறம் கடைல அந்தக் கலர் மட்டும்தான் இருக்கும், நீங்களும் இந்த வருஷம் எனக்கு என்னமோ பிரவுன் பிடிக்குதுனு சொல்வீங்க. நானும்தான் சொல்றேன், தெரிஞ்சும்.

ஒரு தொழில் ரகசியம் வேணா சொல்றேன். மெயின் ஷோ துணி மேல கண்ண வைக்காதீங்க, ரெண்டு மெயின் சீசனுக்கு நடுவுல ப்ரீ கலெக்‌ஷன்னு வரும் பாருங்க, ப்ரீ ஃபால், ரிசார்ட், அதப் பாருங்க. கேமராவுக்காக செஞ்சது கம்மி, உடம்புக்காக செஞ்சது அதிகம். ரொம்ப நாள் கடைல நிக்கும், அதனால நாங்களே அதுலதான் அதிகமா வாங்குவோம். அந்த லேபிளோட உண்மையான பேண்ட் அங்கதான் இருக்கும். ஷோல வர்றது பல சமயம் விளம்பரப் பலகைதான், போட்டுட்டு பஸ் ஏற முடியாது.

பழையசெலின்:

ப்ரீ கலெக்‌ஷன் விஷயம் சத்தியமான உண்மை, என்கிட்ட இருக்க நல்ல செலின் எல்லாம் அதுலதான் வந்தது, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப வருஷத்த கேளுங்க, லேபிள கேக்காதீங்க. 2013 கோட்டும் 2020 கோட்டும் ஒரே பேர் போட்டிருந்தாலும் அண்ணன் தம்பி கூட கிடையாது.

டிசைனர் ஹெல்முட் லாங்கும் அப்படித்தான், 2005-ல அவர் கிளம்பிட்டார், பேர் மட்டும் இன்னும் விக்குது. அந்த மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா, 2010-ல ஸ்டுடியோல தீப்பிடிச்சு கொஞ்சம் போச்சு, மிச்சம் வச்சிருந்த தன்னோட பழைய துணி ஏறக்குறைய ஆறாயிரத்த தானே மெஷின்ல போட்டு நார் நாராக்கி 2011-ல சிற்பமா நிக்க வச்சுட்டார். நாமதான் இங்க பழைய துணிய வச்சுட்டு அழுதுட்டிருக்கோம்.

ட்ரெண்டுகுட்டி:

ஆறாயிரமா?? எனக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம் 😭

சாம்பல்சட்டை:

மூணு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, டேப் எந்தப் பெட்டில போச்சுனே தெரியல, கடைசில கிச்சன் பெட்டில கரண்டிகளோட இருந்துச்சு.

மாஸ்டர், நாலு பேண்ட்டையும் அளந்துட்டேன். முன் இறக்கம் 30, 30.5, 31, 30. தொடை 32, 33, 33, 32.5. பின் இறக்கம் நாலும் 40-ல இருந்து 41-க்குள்ள. பாட்டம் மட்டும் தாறுமாறு, ஒண்ணு 18 ஒண்ணு 27. திருப்பி அனுப்பின பேண்ட் சைட்ல போட்டிருக்க முன் இறக்கம் 25. எனக்கு கையே ஓடல. ஏன்னா இந்த நாலும் ஒரே லேபிள் இல்ல. ரெண்டுதான் நான் விசுவாசமா இருந்தேன்னு சொன்ன லேபிள். மூணாவது ஆம்பளைங்க செக்‌ஷன்ல எடுத்தது. நாலாவது எதுனே தெரியல, டேக் உரசுதுனு எப்பவோ கத்தரிச்சுப் போட்டிருக்கேன், எவ்ளோ யோசிச்சும் எங்க வாங்கினேன்னு ஞாபகம் வரல, அதத்தான் அதிகமா போடறேன். ஏழெட்டு வருஷம் ஒரு பேரச் சொல்லிட்டு சுத்தியிருக்கேன், என் உடம்பு என்னடான்னா 30 சென்டிமீட்டர்னு ஒரே வார்த்தைய சொல்லிட்டிருந்திருக்கு.

அளவ போன்ல எழுதி வச்சுட்டேன். நேத்து ஒரு சைட்ல ஒரு மணி நேரம் சுத்தினேன், அளவு பாத்ததும் முக்கால்வாசி தானா கழிஞ்சிடுச்சு, எதையும் வாங்காம மூடிட்டேன், எனக்கே ஆச்சரியம்.

காஜாபட்டன்:

நான் நினைச்ச மாதிரியேதான். பாட்டம் வேற வேறயா இருக்கறத கவனிச்சீங்களா, ட்ரெண்டு விளையாடறது அங்கதான், ஒல்லி, அகலம், பீப்பாய் எல்லாம் முட்டிக்குக் கீழ. மேல இருக்க 30 உங்களோடது, அத யாருக்கும் விட்டுக் குடுக்காதீங்க. பாட்டம் பிடிக்கலைனா எந்த டெய்லரும் பிடிச்சுக் குடுத்துடுவார், இறக்கத்த யாராலயும் ஏத்த முடியாது, அதுக்குத் துணியே இருக்காது. இன்னொண்ணு, வாங்கறப்ப உள்ள திருப்பிப் பாருங்க, பின்பக்க நடுத்தையல்ல ஒரு விரல் அகலத்துக்காவது துணி விட்டிருக்காங்களா, பாட்டம் உள்ள மடிச்சது ரெண்டு விரல் இருக்கானு. விட்டிருந்தா அந்தக் கம்பெனி நீங்க அதைப் பல வருஷம் போடுவீங்கனு நினைச்சுத் தச்சிருக்கு. ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டியிருந்தா அவங்களே ஒரு சீசன்தான் எதிர்பாக்கறாங்க. பிளேசர்னா லேப்பல, அதான் நெஞ்சுல மடங்கி நிக்கற பாகத்த, விரலால பிடிச்சு ரெண்டு அடுக்கையும் தனித்தனியா உரசிப் பாருங்க, நடுவுல மூணாவதா ஒரு துணி தனியா நழுவுதுனா உள்ள கேன்வாஸ் வச்சுத் தச்சது, அட்டை மாதிரி ஒட்டிட்டிருந்தா பசை, ட்ரை க்ளீன்ல கொப்புளம் விட வாய்ப்பு உண்டு. வூல் மேல சூப்பர் 150னு எழுதியிருந்தா அதிகம் உழைக்கும்னு நினைச்சுடாதீங்க, நம்பர் ஏற ஏற இழை மெல்லிசு, தினம் உக்காந்து எழுந்தா சீக்கிரம் பளபளனு தேஞ்சுடும்.

கடைக்குவாங்கறவ:

மாஸ்டர் இதெல்லாம் எங்க கடைல வந்து சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

பழையசெலின்:

சரி, பேண்ட்ல நான் தோத்துட்டேன். அந்த நீளக் கோட்ட அளந்தீங்களா?

சாம்பல்சட்டை:

அளக்கல. அளக்கவும் போறதில்ல.

அது டிசைனர் ட்ரீஸ் வான் நோட்டனோடது, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, முதுகுல மட்டும் பூ வேலை, முன்னாடி பாத்தா சாதா கோட்டு, நான் திரும்பி நடந்து போறப்பதான் மத்தவங்களுக்குத் தெரியும். தோள் எனக்குக் கொஞ்சம் பெருசு, கை நீளம், மாஸ்டர் பாத்தா திட்டுவார். 2024 ஜூன்ல அவரோட கடைசி ஷோ லைவ்ல பாத்தேன், தரை பூரா வெள்ளி இலை தூவி வச்சிருந்தாங்க, நடக்க நடக்க மாடலுங்க கால்ல ஒட்டிப் பறந்துச்சு. நான் வீட்டுல ஃபேன் போட்டுட்டு அந்தக் கோட்டப் போட்டுட்டு உக்காந்து பாத்தேன், என் வீட்டுக்காரர் ரூமுக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம கதவ சாத்திட்டுப் போயிட்டார்.

பழையசெலின்:

😊 எனக்கு இது போதும்.

ட்ரெண்டுகுட்டி:

அக்கா எல்லாம் சரி, அந்த பீப்பாய் ஜீன்ஸ என்ன பண்ணப் போறீங்க? இடுப்பு எவ்ளோ?

சாம்பல்சட்டை:

முன் இறக்கம் 28, இடுப்பு சுத்தளவு 74. வேணும்னா தனி மெசேஜ் பண்ணு, பலூன் கை டாப்பையும் சேத்து அனுப்பறேன்.

மடிப்புராஜா:

74 எனக்குப் பத்தாது. கேட்டு வச்சேன்.